கதை முடிந்த பிறகு குழந்தையிடம் என்ன கேட்கலாம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில் பள்ளிகொண்டாவை ஒட்டிய ஒரு கிராமத்தில், சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இருட்டும் நேரத்தில் குழந்தைகளை அழைத்துப்போக வரும் அம்மாக்களும் தாத்தாக்களும் செருப்பை மாட்டிக்கொண்டே ஏதாவது கேட்பார்கள். நின்று பதில் சொல்ல நேரம் இருப்பதில்லை. அவற்றுக்கெல்லாம் ஆற அமர எழுதிய பதில்கள் இவை.

கதை சொன்னால் போதாதா? எதற்குக் கேள்வி கேட்க வேண்டும்?

கதையை மட்டும் சொல்லி விட்டுவிடுவதும் நல்லதுதான். குழந்தைக்குக் கண் சொக்கும் நேரத்தில் எதையும் கேட்காதீர்கள், தூங்கட்டும். ஆனால் நாள்தோறும் கதை சொல்லிவிட்டு "புரிந்ததா?" என்று மட்டும் கேட்டால், எல்லாக் குழந்தைகளும் "புரிந்தது" என்றுதான் தலையாட்டும். அந்தத் தலையாட்டலுக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. யார், எங்கே, என்ன ஆயிற்று என்று சின்னச் சின்னதாகக் கேட்கும்போதுதான், நாம் சொன்ன கதையும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்த கதையும் ஒன்றுதானா என்று தெரியும்.

இது பள்ளிக்கூடம் கண்டுபிடித்த முறையும் இல்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தை நினைத்துப் பாருங்கள். திரைக்குப் பின்னால் துரியோதனன் வந்து நின்று பாடுவான். உடனே கட்டியக்காரன் "நீர் யார், எந்த தேசம், எதற்காக வந்தீர்?" என்று கேட்பான். வந்திருப்பது யார் என்று கட்டியக்காரனுக்குத் தெரியாதா என்ன? கூட்டத்தின் கடைசியில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும், அவள் மடியில் அரைத் தூக்கத்தில் கிடக்கும் பேரனுக்கும் சேர்த்துத்தான் அவன் கேட்கிறான். ராஜா தன் வாயால் பதில் சொன்ன பிறகே கூத்து மேலே நகரும். எழுத்தே படிக்காதவர்கள்கூட விடிய விடிய பாரதக் கதையைத் தொடர்ந்து வந்ததற்கு அந்தக் கேள்விகளும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

எந்தக் கேள்வியில் தொடங்குவது?

திண்ணையில் நான் சொல்லும் ஒரு குட்டிக் கதையை வைத்தே விளக்குகிறேன். நானே எழுதியது.

"வள்ளி தன் ஆட்டுக்குட்டியை ஓட்டிக்கொண்டு பாலாற்றுக்குப் போனாள். ஆறு முழுக்க மணல்தான். குட்டி கத்திக்கொண்டே இருந்தது. வள்ளி மண்டியிட்டு இரண்டு கைகளாலும் மணலைத் தோண்டினாள். முழங்கை ஆழம் போனதும் மணல் குளிர்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். பிறகு குட்டி தலையைக் குனிந்தது. வீட்டுக்கு வந்ததும் பாட்டி அவளுடைய பாவாடையைப் பார்த்து, 'இன்றைக்கும் ஆற்றுக்குப் போனாயா?' என்று கேட்டாள்."

முதலில் கதையிலேயே கண்ணுக்குத் தெரிகிற பதில்களைக் கேளுங்கள். கதையில் யார் யார் வருகிறார்கள்? வள்ளி எங்கே போனாள்? கூட யார் போனது? ஆற்றில் என்ன இருந்தது? பெரியவர்களுக்கு இவை மிக எளிதாகத் தோன்றும், அதனால் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாண்டாதீர்கள். நான் பார்த்தவரை கதை புரியாத குழந்தைகளில் பெரும்பாலோர் "ஏன்" என்ற இடத்தில் இடறுவதில்லை. அதற்கும் முன்னால், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற இடத்திலேயே இடறிவிடுகிறார்கள். "அவளுடைய பாவாடை" என்றால் யாருடைய பாவாடை? பாட்டியுடையதா, வள்ளியுடையதா? இதைக் கேட்டுப் பாருங்கள். இரண்டாம் வகுப்பில் பாதிப் பேர் பாட்டி என்பார்கள். அப்படி எண்ணிவிட்டால் கடைசி வரி அவர்களுக்கு வெறும் சத்தமாகிவிடும்.

அடுத்தது வரிசை. முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன, கடைசியில் என்ன? தோண்டியது முதலிலா, குட்டி கத்தியது முதலிலா? இதற்கு வாயால் பதில் சொல்ல வராத குழந்தையிடம் நான்கு கூழாங்கற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு நிகழ்ச்சியாக வைத்து நகர்த்தச் சொல்வேன். கை நகர்ந்தால் வாயும் திறந்துகொள்ளும்.

மூன்றாவதாக, கதையில் சொல்லாமல் விட்டதைக் கேட்பது. வள்ளி ஏன் காத்திருந்தாள்? குட்டி ஏன் தலையைக் குனிந்தது? ஊற்று, தண்ணீர் என்ற இரண்டு சொற்களுமே கதையில் கிடையாது. மணலில் நீர் ஊறி வரும்வரை காத்திருந்தாள் என்பதைக் குழந்தைதான் இட்டு நிரப்ப வேண்டும். வள்ளி ஆற்றுக்குப் போனது பாட்டிக்கு எப்படித் தெரிந்தது? பாவாடையில் ஈர மணல் ஒட்டியிருந்திருக்கும். இதற்கு முன்பும் வள்ளி போயிருக்கிறாளா? "இன்றைக்கும்" என்ற சொல்லில் உள்ள அந்த 'உம்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்துத் துள்ளிக் குதித்தாள். 'உம்' என்பது இலக்கணத்தில் இடைச்சொல் என்று அவளுக்கு எப்போதாவது பாடத்தில் வரும். அது என்ன வேலை செய்கிறது என்பதை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள்.

என் மகள் கடகடவென்று வாசிக்கிறாள். ஆனால் என்ன வாசித்தாய் என்றால் விழிக்கிறாள். ஏன்?

அடிக்கடி வரும் கவலை இது, அதிலும் மூன்றாம் வகுப்புப் பெற்றோரிடமிருந்து. எழுத்தைக் கூட்டி ஒலிப்பது ஒரு திறன்; சொல்லப்படுவதைப் புரிந்துகொள்வது இன்னொரு திறன். வாசித்துப் புரிவதற்கு இரண்டும் வேண்டும், ஒன்று இல்லாவிட்டால் மற்றது மட்டும் கைகொடுக்காது. கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்கு போலவே எழுதிக் காட்டினார்கள். ஒரு பக்கம் சுழியம் என்றால் விடையும் சுழியம்தான்.

உங்கள் மகளுக்கு எந்தப் பக்கம் குறை என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். அவள் வாசித்த அதே அளவுள்ள வேறொரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே மாதிரிக் கேள்விகளைக் கேளுங்கள். காதால் கேட்டபோது நன்றாகச் சொல்கிறாள் என்றால், வாசிக்கும்போது அவளுடைய கவனம் முழுவதும் எழுத்திலேயே செலவாகிவிடுகிறது. எளிய நூல்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். காதால் கேட்டும் சொல்ல வரவில்லை என்றால் வாசிப்புப் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை. பேச்சு, கதை, சொற்கள், கேள்விகள் இவைதான் அவளுக்கு வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கதை நடக்கும் உலகம் குழந்தைக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், வாசிப்பில் கெட்டியாக இருந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட மிக நன்றாகப் புரிந்துகொண்டார்கள். எங்கள் திண்ணையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். பாலாற்றில் ஊற்று தோண்டிப் பார்த்த பிள்ளை, வாசிக்கத் திணறினாலும், வள்ளி ஏன் காத்திருந்தாள் என்று டக்கென்று சொல்லிவிடும். விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து வந்த பிள்ளை, அழகாக வாசித்துவிட்டு "களைத்துப் போயிருப்பாள்" என்றது. அந்தப் பதிலில் தவறு ஒன்றுமில்லை. ஆற்று மணலில் தண்ணீர் ஊறும் என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கேள்வி கேட்டாலே முகம் சுருங்கிவிடுகிறது. பரீட்சை வைப்பதாக நினைக்கிறான். என்ன செய்வது?

அவன் நினைப்பது சரிதான். நாம் கேட்கிற தொனி அப்படி இருக்கிறது.

நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை ஆறு வகையாகப் பிரித்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதில் அறிவினா என்பது, தனக்கு விடை தெரிந்தே பிறருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது. அறியா வினா என்பது, தனக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. ஆசிரியர்களாகிய நாங்கள் வாழ்நாள் முழுவதும் அறிவினாவிலேயே குடியிருந்துவிட்டோம். "வள்ளி எங்கே போனாள்?" என்று கேட்கும்போது விடை நம் கையில் இருப்பது குழந்தைக்குத் தெரியும். அதனால் தன்னை எடை போடுகிறார்கள் என்று அதற்குத் தோன்றுகிறது.

அறிவினா வேண்டாம் என்று சொல்லவில்லை, அடிப்படைக் கேள்விகள் எல்லாம் அந்த வகைதான். ஆனால் இரண்டு அறிவினாவுக்கு நடுவில் ஓர் அறியா வினாவாவது வரட்டும். "நீயாக இருந்தால் எங்கே தோண்டியிருப்பாய்?" "உன் மனத்தில் அந்த ஆட்டுக்குட்டி என்ன நிறம்?" இவற்றுக்கு விடை உங்களிடம் இல்லை, குழந்தையிடம்தான் இருக்கிறது. வெள்ளைக் குட்டி என்று ஒன்று சொல்லும், காதில் மட்டும் கறுப்பு என்று இன்னொன்று சொல்லும். நிறம் சொன்ன குழந்தை கதையைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நீங்கள் எதைக் கேட்டாலும் பரீட்சையாகத் தோன்றாது.

நீங்கள் மறந்துவிட்டதாகக் கேட்பதும் உதவும். "நேற்று சொன்ன கதையில் வள்ளியோடு ஆற்றுக்குப் போனது கன்றுக்குட்டியா?" என்று தப்பாகக் கேளுங்கள். "இல்லை பாட்டி, ஆட்டுக்குட்டி!" என்று திருத்துவதில் குழந்தைகளுக்கு இருக்கும் ஆனந்தத்தைப் பார்க்க வேண்டும்.

"ஏன்" என்று கேட்டால் "தெரியாது" என்கிறான். அல்லது வாயே திறப்பதில்லை.

முதலில், எத்தனை நேரம் காத்திருந்தீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சுகளைப் பதிவுசெய்து கேட்டார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிகளாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, கூடுதல் பிள்ளைகள் பேசினார்கள், மௌனம் குறைந்தது. மூன்றே நொடிதான்! கேள்வியைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். மிக நீளமாகத் தெரியும். நான் தொடக்கத்தில் தாங்க முடியாமல் நானே பதிலைச் சொல்லிவிடுவேன். இப்போது அந்த நேரத்தில் வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளுகிறேன். காம்பு கிள்ளி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் பேசிவிடுகிறார்கள்.

அப்போதும் வரவில்லை என்றால் கேள்வியைச் சின்னதாக்குங்கள். "வள்ளி ஏன் காத்திருந்தாள்?" என்பதற்குப் பதிலாக "களைப்பா, இல்லை வேறு எதற்காகவோ?" என்று கேட்கலாம். அதுவும் முடியாவிட்டால் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மண்டியிட்டு, தோண்டி, கையை எடுத்து, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, எதைப் பார்க்கிறோம் என்று தானாகத் தோன்றும். குழந்தை உங்களிடம் திருப்பிக் கேட்டாலும் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். "குட்டிக்குத் தாகம் எடுத்ததா?" என்று கேட்டதற்கு "எடுக்காமல் இருக்குமா?" என்றான் ஒருவன். வினா எதிர் வினாதல் என்று நன்னூல் இதையும் விடை வகைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

தவறாகச் சொன்னால் உடனே திருத்தலாமா?

உடனே வேண்டாம். எப்படி அந்த எண்ணம் வந்தது என்று முதலில் கேளுங்கள்.

கிணற்றில் தன் நிழலைப் பார்த்து இன்னொரு சிங்கம் என்று எண்ணிப் பாய்ந்த சிங்கத்தின் கதை எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "சிங்கம் ஏன் கிணற்றில் குதித்தது?" என்று கேட்டேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் "தண்ணீர் குடிக்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். "அதெப்படி உனக்குத் தோன்றியது?" என்றேன். "கிணற்றில் தண்ணீர்தானே டீச்சர் இருக்கும், சிங்கம் எப்படி இருக்கும்?" என்றான். அவன் சொன்னது முழு நியாயம். அவன் வீட்டில் ஆழ்துளைக் கிணறு. இரும்புக் குழாயும் மோட்டாரும்தான் அவனுக்குக் கிணறு. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும் என்பதை அவன் கண்டதே இல்லை.

கொல்லைப்புறத்து அண்டாவில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அவனை அழைத்துப் போய் எட்டிப் பார்க்கச் சொன்னேன். விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். தண்ணீர் ஆடி நிற்கும்வரை அசையாமல் இருந்தான். பிறகு பல்லைக் காட்டினான். உள்ளே இருந்தவனும் காட்டினான். அண்டாவுக்குள் வாயை வைத்து உறுமினான், அதுவும் திருப்பி உறுமியது. தலையைத் தூக்கி, "சிங்கத்துக்குக் கண்ணாடியே தெரியாது, இல்லையா டீச்சர்?" என்றான். முகவாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவன் "தண்ணீர் குடிக்க" என்றதும் "தப்பு, அடுத்தவன் சொல்" என்று நான் நகர்ந்திருந்தால், அந்தக் கதை அவனுக்கு என்றைக்கும் பிடிபட்டிருக்காது. வகுப்பில் நாற்பது பேர் இருந்த காலத்தில் அப்படி எத்தனை பேரைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பதிலைப் புத்தகத் தமிழில்தான் சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டில் உருது பேசுகிறோம்.

எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் சொல்லட்டும். நம் பக்கம் வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகள் நிறைய. குடியாத்தத்துக்கு வடக்கே, சித்தூர் எல்லைப் பக்கம் தெலுங்கு. கதை புரிந்ததா என்பதும் தமிழில் சொல்ல வருகிறதா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். இரண்டையும் ஒரே நேரத்தில் சோதித்தால், கதை நன்றாகப் புரிந்த குழந்தைக்கும் புரியவில்லை என்று முத்திரை விழும். முதலில் உருதிலேயே சொல்லட்டும், நீங்கள் கேட்டு மகிழுங்கள், அதன் பிறகு அதையே தமிழில் சொல்லிப் பார்க்கலாம்.

தமிழே வீட்டுமொழியாக இருக்கும் குழந்தைகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. "சென்றான்", "உரைத்தான்", "வினவினாள்" எல்லாம் ஆறு வயதில் பாதி வேற்றுமொழிதான். புத்தகத்தை அப்படியே வாசித்துவிட்டு, ஒவ்வொரு பத்திக்கும் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கேள்வியும் பதிலும் பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். நாளடைவில் "வினவினாள்" தானாக ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் படிக்கத் தெரியாது. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

இதைக் கேட்கும்போது சில அம்மாக்களின் குரல் இறங்கிவிடுகிறது. இறங்க வேண்டியதே இல்லை. கதை கேட்கவும் கேள்வி கேட்கவும் எழுத்து தேவையில்லை.

எங்கள் தெருவில் ஒருவர் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே மகளைப் படிக்கச் சொல்வார். கை இலையைச் சுருட்டும், தூளை இடும், நூலைச் சுற்றும். கண் முறத்தில் இருக்கும். மகள் ஒரு பக்கம் படித்ததும், "யாரடி அவன், நேற்று வந்தவனா?" என்பார். "இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்பார். அவருக்கு உண்மையாகவே தெரியாது, அதனால் கேட்கிறார். மகள் தாளைப் பின்னால் புரட்டித் தேடிச் சொல்கிறாள். முன்பு சொன்ன அறியா வினா இதுதான். பயிற்சி பெற்ற நான் முயன்று செய்வதை அவர் இயல்பாகச் செய்கிறார். அந்தப் பெண் என் திண்ணைக்கு வரும் குழந்தைகளில் கதையை மிகத் தெளிவாகத் திருப்பிச் சொல்பவள்.

ஷூ கம்பெனி வேனில் ஏறிக் காலையில் போய் இருட்டிய பிறகு திரும்பும் பெற்றோருக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் போதும். "இன்றைக்கு என்ன கதை? அதில் யார் வந்தார்கள்? என்ன ஆயிற்று?" இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். கதை தெரியாத ஒருவருக்குச் சொல்வதைப் போன்ற பயிற்சி வேறில்லை.

ஒரு கதைக்கு எத்தனை கேள்விகள்?

நான்கைந்து. குழந்தை கதையை விட்டு எழுந்து ஓடப் பார்த்தால் அன்றைக்குப் போதும்.

கதையின் நீதி என்ன என்று கேட்க வேண்டாமா?

எனக்கு அதில் விருப்பமில்லை. நீதி கேட்டால் குழந்தைகள் மனப்பாடமாக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்கள்: "பொய் சொல்லக் கூடாது", "ஒற்றுமையே பலம்". கதையைக் கேட்காமலே சொல்லிவிடுவார்கள். அதற்குப் பதிலாக யார் செய்தது உனக்குப் பிடித்தது, யார் செய்தது பிடிக்கவில்லை, ஏன் என்று கேளுங்கள். வடையைத் தூக்கிய காக்கையும் தப்பு, ஏமாற்றிய நரியும் தப்பு, வடையைக் காவல் இல்லாமல் வைத்த பாட்டியும் தப்பு என்று எங்கள் திண்ணையில் ஒரு மாலை முழுக்க வழக்கு நடந்தது. பாட்டிக்கு வடைக்கான காசை யார் கொடுப்பது என்பதில் வந்து நின்றது. நீதி என்பது அங்கே தானாகவே பேசப்பட்டுவிட்டது.

கைபேசியில் கதை பார்க்கிறாள். அதற்கும் கேள்வி கேட்கலாமா?

தாராளமாக. நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஆனால் காணொளியில் நிறமும் முகமும் காட்டப்பட்டுவிடுவதால் குழந்தை தானாகக் கற்பனை செய்ய வேண்டியது குறைந்துவிடும். வாயால் சொல்லும் கதை அதற்கு இணையாகவாவது இருக்கட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த "யார், எங்கே" எல்லாம் சிறுபிள்ளைத்தனமாக இருக்காதா?

கதையைப் பெரிதாக்குங்கள், கேள்வி அதே கேள்வியாக இருக்கலாம். வேலூர்க் கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகாதவர்கள் நம்மில் குறைவு. அகழியைப் பார்த்துவிட்டு, ஜலகண்டேசுவரர் கோயிலுக்குப் போய்விட்டு, புல்வெளியில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தப் புல்வெளியிலேயே 1806-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று நடந்ததைக் கதையாகச் சொல்லுங்கள். விடிவதற்கு முன் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது, தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கட்டளையிட்டிருந்தது. 1799-இல் இறந்த திப்பு சுல்தானின் குடும்பம் அந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டார்.

இப்போது கேளுங்கள். கோட்டைக்குள் யார் யார் இருந்தார்கள்? வெளியிலிருந்து யார் வந்தது, எங்கிருந்து? கொடி ஏற்றியது முன்பா, குதிரைப்படை வந்தது முன்பா? இங்கே "யார்" என்பதே எளிய கேள்வி இல்லை. சிப்பாயும் கம்பெனிப் படைதான், எதிர்த்ததும் கம்பெனிப் படையைத்தான். இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாத பிள்ளை "ஏன்" என்பதற்குப் போகவே முடியாது. பிரித்துக்கொண்ட பிள்ளை, "ஒரு தலைப்பாகைக்காகவா இவ்வளவும்?" என்று தானாகவே கேட்கும். தோல் என்பது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாயிற்று, திப்புவின் மகன்கள் அங்கே இருந்ததற்கும் மைசூர்க் கொடிக்கும் என்ன தொடர்பு என்று அங்கிருந்து பேச்சு வளரும். திரும்பும் வழியில் கோட்டைக்கு அருகில் உள்ள நினைவுத் தூணைக் காட்டுங்கள். அதற்கு முன் எத்தனை முறை பஸ்ஸில் அதைக் கடந்திருந்தாலும், அன்றைக்குத்தான் அதைப் பார்ப்பார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

வீட்டுமொழியில், எளிய கதையில், பல வாரங்கள் பொறுமையாக முயன்றும், "யார் வந்தார்கள்" என்பதற்குக்கூட ஆறு, ஏழு வயதுக் குழந்தையால் சொல்ல முடியவில்லை என்றால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதியுங்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, தொலைக்காட்சிக்கு மிக அருகில் போய் உட்காருகிறதா என்று கவனியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துப்போகும் குழந்தைகள் பாதி வார்த்தைகளைத்தான் கேட்கிறார்கள், நாம் அதைக் கவனக்குறைவு என்று திட்டுகிறோம். அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டலாம். "மந்தம்" என்ற சொல்லை மட்டும் குழந்தையின் காதில் விழும்படி சொல்லாதீர்கள், சொல்பவர் யாராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

குழந்தை திருப்பி எங்களையே கேள்வி கேட்கிறது. கதை நகரவே மாட்டேன் என்கிறது.

நகர வேண்டாம், நில்லுங்கள். போன மாதம் வள்ளியின் கதையை முடித்து, என் கேள்விகளையும் கேட்டு முடித்திருந்தேன். அண்டாவில் முகம் பார்த்த அதே பையன் கையைத் தூக்கி, "குட்டி குடித்த பிறகு வள்ளி அந்தப் பள்ளத்தை மூடினாளா, திறந்தே விட்டுவிட்டு வந்தாளா?" என்று கேட்டான். நான் எழுதிய கதை, எனக்கே தெரியவில்லை. மூடாவிட்டால் யாராவது கால் இடறி விழுவார்கள் என்று ஒருத்தி சொன்னாள். மூடிவிட்டால் சாயங்காலம் வரும் வேறு ஆடு என்ன குடிக்கும் என்று இன்னொருவன் சொன்னான். அழைத்துப்போக வந்த தாத்தா ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணை ஓரத்தில் உட்கார்ந்து, தன் சின்ன வயதில் ஊற்றுக்கு மேல் முள் வைத்து மறைத்துவிட்டு வருவார்கள் என்றார். "யார் மறைப்பார்கள்? எதற்கு?" என்று பிள்ளைகள் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.